ஐந்தரை மணிக் கட்டம்

செப்டம்பர் 14, திங்கள்

மேகம். காற்று துளியும் இல்லை.

ஏரி ரீடிங்கை ரெஜிஸ்டரில் ஏற்றுவதற்கு முன்னால் குறித்துக்கொள்ள மீன்வள ஆபீஸில் கொடுத்த நோட்டு இது. பின்பக்கத்திலிருந்து சொந்த விஷயம் எழுதுகிறேன். தப்புதான். வேறு நோட்டு இல்லை. எழுதுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவும் இல்லை. யார் கண்ணிலாவது பட்டால் மன்னிக்க வேண்டும்.

கா. 5.30: நீர் வெப்பம் 28. கயிற்றில் கட்டி இறக்குகிற வெள்ளைத் தட்டு ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்துவிட்டது. போன மாதம் ஒரு முழம் வரை தெரிந்தது. ஏரி முழுக்கப் பச்சை, பெயின்ட் கரைத்து ஊற்றிய மாதிரி. ஆக்சிஜன் 3.
மதியம்: ஆக்சிஜன் 9.

பகலில் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜன் விடுகிறது. இரவெல்லாம் அதுவே இழுத்துக்கொள்கிறது. மீனுக்கு மிச்சம் எவ்வளவு என்பது விடிவதற்கு முன்னால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆய்வாளர் சார் சொன்னார்: "மத்தியானம் எந்த ஏரியும் நல்லாத்தாம்மா இருக்கும். விடிகாலைல எப்படி இருக்குன்றதுதான் நமக்கு வேணும்."

ஆக்சிஜன் சோதனைக்கு விடுகிற ஸ்டார்ச் தீர்ந்துவிட்டது. அம்மா வடித்த கஞ்சியை வடிகட்டி இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். நீலம் வந்தது. சாரிடம் சொல்லவில்லை.

படித்துறையில் பவுனு அக்கா. துணி வெளுப்பவர், ஏரிக்கரையிலேயே வீடு. தெர்மாமீட்டரைக் கண்டால் விடமாட்டார். "இன்னா பாப்பா, இன்னிக்கி தண்ணிக்கு ஜுரம் ஜாஸ்தியா கம்மியா?"

சிரித்தேன். பதில் வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. எப்போதும் அப்படித்தான்.

செப். 16, புதன்

நாளையிலிருந்து மறியலாம். இடஒதுக்கீடு கேட்டு. ஒரு வாரம் எந்த வண்டியும் ஓடாது.

நாளைக்குத்தான் ஏரியில் வலை போடுவதாக இருந்தது. மீன் குத்தகை எடுத்த ராஜமாணிக்கம் லாரியும் ஐஸும் சொல்லி வைத்திருந்தார். இப்போது எல்லாம் நின்றது. கரையில் நின்றுகொண்டு தவிடும் புண்ணாக்கும் கொட்டச் சொன்னார். "ஒரு வாரம் கெடக்கட்டும். இன்னும் ரெண்டு விரக்கடை பெருக்கட்டும்."

தண்ணீர் கம்மி. மீன் ஜாஸ்தி. தீவனமும் போட்டால் பாசி இன்னும் ஏறும். சொல்ல வேண்டும் என்று அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னாம்மா?" என்றார். "ஒண்ணும் இல்லீங்க" என்று வந்துவிட்டேன்.

கா. 5.30: 2.8.

செப். 17, வியாழன்

நாலே முக்காலுக்குச் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரம் குறுக்கே கிடக்கிறது. இன்னொன்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாம் தெரிந்த முகம். இருட்டில் தெரியாத முகம் மாதிரி இருந்தது.

"எங்க கெளம்பிட்ட இந்நேரத்துல?"

"ஏரிக்கு."

"போய்ப் படு, போ. ஒன்ன மாதிரி படிச்சதுங்களுக்கு வேல வேணும்னுதான் நாங்க ராவெல்லாம் முழிச்சிக்கினு கீறோம்."

எனக்கு வேலை இருக்கிறது, அதற்குத்தான் போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. திரும்பி நடந்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "சூரியன் ஏறாம இனிமே வெளிய கால வைக்கக் கூடாது. வேலையும் மயிரும் அப்புறம் பார்த்துக்கலாம்."

பத்து மணிக்குப் போனேன். ஆக்சிஜன் 8.5.

ரெஜிஸ்டரில் 5.30 கட்டம் காலி. காலியாக விட்டால் சார் ஏன் என்று கேட்பார். பயந்தேன் என்று எழுத முடியாது. அப்பா விடவில்லை என்று எழுதினால், பொம்பளைப் பிள்ளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்பார்கள். சேர்ந்து நாலு மாதம்தான். எங்கள் வீட்டில் காலேஜ் போனது நான் ஒருத்தி. ஆபீஸ் முத்திரை போட்ட காகிதம் எங்கள் வீட்டுக்கு வந்ததும் இந்த வேலை உத்தரவு ஒன்றுதான்.

5.30 கட்டத்தில் 8.5 என்று எழுதினேன். எண் பொய் இல்லை. நேரம் மட்டும்.

செப். 18, வெள்ளி

அதே. பத்து மணி. 8. ஐந்தரைக் கட்டத்தில்.

பால்காரர் வரவில்லை. அம்மா கருப்பட்டிக் காபி.

செப். 19, சனி

மேகம் கலையவே இல்லை. வெயில் விழுந்து மூன்று நாள். 7.

பவுனு அக்கா: "விடிகாலைல மீனெல்லாம் வாயப் பொளந்துக்கினு மேலாலயே நிக்குது பாப்பா. கையாலயே அள்ளலாம் போல. நீதான் ஆளக் காணம்."

"உடம்பு சரியில்லக்கா."

"தண்ணி ஜுரம் ஒனக்கு ஒட்டிக்கிச்சா?"

மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தால் அடியில் ஆக்சிஜன் இல்லை என்று அர்த்தம். இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

செப். 20, ஞாயிறு

6. தலைக்குக் குளித்தேன். மலைப்பக்கம் இடி, இங்கே சொட்டு இல்லை. கிழக்கே எங்கெங்கேயோ கலவரம், துப்பாக்கிச் சூடு என்று பேசிக்கொள்கிறார்கள். அப்பா சாப்பிடாமல் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

செப். 21, திங்கள்

எப்படி எழுதுவது.

ஆறரைக்கு அப்பா வந்து, "ஏரிய வந்து பாரு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதலில் தண்ணீர் வெளுத்திருக்கிறது என்று நினைத்தேன். கிட்டப் போன பிறகுதான் வயிறு என்று தெரிந்தது. மதகிலிருந்து நாணல் வரைக்கும் வெள்ளை வயிறு. ஊரே கரையில் நிற்கிறது, ஒரு சத்தம் இல்லை.

செத்தவை: கட்லா, ரோகு, பெரிய கெண்டைகள். பெரிசு பெரிசாகத்தான் செத்திருக்கிறது. வாய் வட்டமாகத் திறந்தபடி. செவுள் விரிந்தபடி.
சாகாதவை: விரால், கெளுத்தி, தவளை. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை.
நத்தைகள் எல்லாம் நாணல் தண்டில் தண்ணீருக்கு மேலே ஏறி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு தண்டில் இருபதுக்கு மேல்.

மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. பார்த்தவுடனே தெரிந்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைத் திறக்கவில்லை.

அதற்குள் மதகுப் பக்கம் சத்தம். சடையனைப் பிடித்திருந்தார்கள்.

சடையன் மலைக்காரர். கல்வராயன் மலையிலிருந்து மாதம் ஒரு தடவை இறங்கி, கடுக்காய், மருக்காரங்காய் எல்லாம் நாட்டு மருந்துக் கடைகளுக்குக் கொண்டுவருவார். பஸ் நின்றுவிட்டதால் நாலு நாளாக ஏரிக்கரையிலேயே இரண்டு மூட்டையோடு படுத்திருந்தாராம்.

ராஜமாணிக்கம் மூட்டையை உதைத்தார். "இதுல இன்னா?"

"காயிங்க. மருந்துக் கடைக்கு."

"இன்னா காயி?"

"மருக்காரங்காய்ங்க."

அது எதற்கு ஆகிற காய் என்று யாரும் கேட்கவில்லை. கோடையில் மலை ஓடைகளில் தண்ணீர் வற்றிக் குட்டையாக நிற்கும்போது அந்தக் காயை இடித்துப் போடுவார்கள். மீன் மயங்கி மேலே மிதக்கும். எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு மூட்டை பாதி காலியாக வேறு இருந்தது.

"மீதி எங்கடா?"

"போன வாரம் சின்னசேலத்துல வித்துட்டேங்க. ரெண்டு மூட்டைக்கு இம்மாம் பெரிய ஏரி சாவுமாங்க? நாலு வண்டி போட்டாலும் பத்தாது."

"பாருய்யா, எத்தினி வண்டின்னு வெவரமாக் கணக்கு வச்சிக்கீறான்" என்றது ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செத்த மீன்களுக்கு நடுவில் நின்று சிரித்தார்கள். பிறகு அடித்தார்கள். அவர் துண்டாலேயே அவர் கையை மதகுக் கல்லோடு கட்டினார்கள். இடது கை பின்பக்கமாக மடங்கியது. அவர் கத்தவில்லை, "காயிங்க, காயிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். இது விஷம் இல்லை என்று சொல்ல மூன்று வார்த்தை போதும்.

அப்பா என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். வந்துவிட்டேன்.

செப். 22, செவ்வாய்

சார் மோட்டார் சைக்கிளில் வயல் வரப்பெல்லாம் சுற்றி வந்து சேர்ந்தார். ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். மூன்று மைல் அப்பாவின் சைக்கிளில்.

ஸ்டேஷனில் ஏட்டு ஒருவர்தான். மற்ற எல்லாரும் மறியல் பந்தோபஸ்து. ராஜமாணிக்கம் பெஞ்சில். சடையன் மூலையில், தரையில். இடது கை முழங்கையிலிருந்து விரல் வரை வீங்கி, பளபளவென்று.

சார் ரெஜிஸ்டரைத் திறந்து சத்தமாகப் படித்தார். "பதினேழு, காலை அஞ்சரை, எட்டரை. பதினெட்டு, காலை அஞ்சரை, எட்டு. அடுத்து ஏழு. அப்புறம் ஆறு. விடிகாலைல ஆறு இருந்தா மீன் ஜம்முனு இருக்கும். ரெண்டுக்குக் கீழ வந்தாத்தான் நாம பயப்படணும். தண்ணில குறை இல்ல ஏட்டய்யா. முந்தாநேத்து ராத்திரி வெளியேருந்து ஏதோ விழுந்திருக்கு."

"நான்தான் சொன்னேனே" என்றார் ராஜமாணிக்கம்.

என் எண்கள். என் கட்டம். சார் குரலில் கேட்கும்போது யாரோ எழுதியது போலவும், அசைக்கவே முடியாதது போலவும் இருந்தது.

சார் என் பக்கம் திரும்பினார். "நேத்து ரீடிங் ஏம்மா எடுக்கல?"

"கூட்டமா இருந்துச்சு சார்."

"சரி. மத்தபடி ரெஜிஸ்டர் ரொம்ப நல்லா வச்சிருக்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. ஒரு நகல் எழுதி நாளைக்குக் கொண்டுவந்து குடு. கேஸ்ல சேர்க்கணும்."

ஏட்டு சொன்னார்: ரோடு திறந்ததும் சடையனைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளில் திறந்துவிடும்.

வெளியே வரும்போது சடையன் என்னைப் பார்த்து, வீங்காத கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலைகுனிந்தார். படித்த பெண் என்ற மரியாதை.

செப். 23, புதன்

நகல் எழுதினேன். கோடு போட்டு, மை சிந்தாமல். அதே எண்களை அதே கட்டத்தில். எழுதி முடித்த பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. முதல் தடவை பயத்தில் எழுதினேன். இரண்டாம் தடவை எதனால்?

ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண். சடையனின் சம்சாரம், வெள்ளச்சி. விடியற்காலை மலையிலிருந்து இறங்கி நடந்தே வந்திருக்கிறார். கால் முழுக்க முள் கீறல். என்னை ஆபீஸ் ஆள் என்று நினைத்து எழுந்து நின்றார். என்னைவிட இருபது வயதாவது பெரியவர், எனக்காக எழுந்து நிற்கிறார்.

"தாயி, பேப்பரு பொய் சொல்லாதுன்னு ஏட்டு சொல்றாரு. நெசமா?"

நான் அவர் கால் கீறல்களைப் பார்த்தேன்.

"பேப்பரு சொல்லாது, சரி. அத எழுதுனவங்க கண்ணால பார்த்துத்தான எழுதுனாங்க? அந்தக் காயில ஒண்ணுகூட அவரு ஏரில போடல. அவருக்கு ஏரின்னாலே பயம், நீச்சல் தெரியாது. எழுதுனவங்க யாருன்னு காட்டு தாயி, நான் கேட்டுப் பாக்கறேன்."

நகல் என் கையில் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது.

உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

சாப்பிட முடியவில்லை. மீன் நாற்றம் ஊருக்குள் வந்துவிட்டது. அம்மா சாம்பிராணி போட்டும் போகவில்லை.

செப். 24, வியாழன்

சொல்லிவிட்டேன்.

முதலில் அப்பாவிடம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே நின்றார், மாடு குடித்து முடித்தும் வாளியைக் கீழே வைக்கவில்லை. "நான் போவாதன்னதாலதான?" என்றார். பிறகு, "என் பேர எழுதிக்க. அப்பன் வுடலன்னு எழுதிக்க." அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இன்றும் அழவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

பிறகு சாரிடம். ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில் இருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். சார் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நாலு நாளும்?"

"நாலு நாளும் சார். பத்து மணி ரீடிங்."

டீக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. கடைசியில் மெதுவாக, "சோதனை மருந்து பழசாயிடுச்சு, ரீடிங்க நம்ப முடியாதுன்னு எழுதிக்கலாம். ஒன் பேரும் கெடாது, ஆபீஸ் பேரும் கெடாது" என்றார்.

தலையாட்டிவிட்டேன். ஆமாம், ஆட்டிவிட்டேன். சார் ஸ்டேஷனுக்குள் போய், பெஞ்சில் இருந்த ராஜமாணிக்கத்தின் முன்னால் ஏட்டிடம் சொன்னார், நான் பின்னால் நின்றேன். ஏட்டு, "மருந்து பழசுன்னா ஏரில விஷம் இல்லன்னு ஆயிடுமா சார்? அது ஒங்க மருந்து. காயி அவன் மூட்டையில இல்ல இருந்துச்சு?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஒன்றும் ஆகாது. ரோட்டில் மரங்களை இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். சடையனை நாளை மதியம் அனுப்புவார்கள்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது: "மருந்து நல்லாத்தான் இருக்கு. நேரத்த நான்தான் மாத்தி எழுதினேன். நாளைக்கு விடிகாலைல நீங்க எல்லாரும் ஏரிக்கு வாங்க. கண்ணு முன்னால எடுத்துக் காட்டறேன்."

ஏட்டு, சார், ராஜமாணிக்கம் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து ஆண்கள் முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

செப். 25, வெள்ளி

ஐந்தரை. மேகம். காற்று இல்லை.

அப்பா கூட வந்தார், பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். சார், ஏட்டு, ராஜமாணிக்கம். கூப்பிடாமலே இருபது பேர். மரம் அறுத்தவர்களும். பவுனு அக்கா விளக்கு பிடித்தார். வெள்ளச்சி தூரத்தில் தனியாக நின்றார்.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குமிழி போகாமல் பாட்டிலை முக்கி மூடினேன். கரையில் வைத்து இரண்டு மருந்தும் விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறம் திரளும். இல்லாவிட்டால் வெள்ளை.

வெள்ளை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. குலுக்கினேன். வெள்ளை. இன்னொரு பாட்டில் எடுத்தேன். மூடி தண்ணீரில் விழுந்தது, அப்பா தேடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் வெள்ளை. கொஞ்சமாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"ஒண்ணுமே இல்ல" என்றார் சார். ஏட்டிடம் சொல்கிற மாதிரி இல்லை, தனக்குத்தானே.

"தண்ணிக்குள்ளயே பொறந்து தண்ணிக்குள்ளயே வளருது. அதுக்குப் போயி மூச்சு முட்டுமா?" இது ராஜமாணிக்கம்.

பவுனு அக்கா சொன்னார்: "வூடு நெறைய ஆளப் போட்டு ஜன்னல சாத்திப் பாருங்க, தெரியும். சாவறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே வாயப் பொளந்துக்கினு நிக்குதுன்னு நான் கத்திக்கினுதான இருந்தேன். யாரு கேட்டீங்க?"

பிறகு மேகம் கொஞ்சம் விலகியது. எல்லாரையும் இருக்கச் சொன்னேன். பத்து மணிக்கு அதே இடத்தில் இன்னொரு பாட்டில். பழுப்பு, லேசான டீ நிறம். மூன்று பாட்டிலையும் மதகுக் கல் மேல் வரிசையாக வைத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பழுப்பு நேரத்துலதான் எடுத்தேன். விடிகாலைன்னு எழுதினேன்" என்றேன். மரம் அறுத்தவர்களில் ஒருவர் தலை குனிந்துகொண்டார். மற்றவர்கள் குனியவில்லை.

சடையனை மதியம் விட்டுவிட்டார்கள். இடது மணிக்கட்டு ஒடிந்திருக்கிறது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ராஜமாணிக்கம் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார், அவ்வளவுதான். வெள்ளச்சி இரண்டு மூட்டையையும் தலையில் ஒன்றாக அடுக்கிக்கொண்டார்.

நான் எதிரே போய் நின்றேன். "எழுதுனது நான்தாங்க."

வெள்ளச்சி மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு திரும்பினார். "நீயா" என்றார். திட்டவில்லை. சடையன், "வா, வெயில் ஏறுது" என்றார். போய்விட்டார்கள். மலை ரோட்டில் அவர்கள் போவது வெகுநேரம் தெரிந்தது.

செப். 26, சனி

பஸ் ஓடுகிறது. சார் சொல்லி அனுப்பியிருக்கிறார்: விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும், சுருக்கமாக. வேலை இருக்குமா என்று அவருக்கே தெரியாதாம். இங்கே எழுதிப் பார்த்துவிட்டு நல்ல தாளில் எழுதுகிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா,

செப்டம்பர் 17 முதல் 20 வரை காலை 5.30 கட்டத்தில் நான் எழுதியவை காலை 10 மணிக்கு எடுத்த அளவுகள். மருந்திலோ கருவியிலோ பிழை இல்லை. என் தந்தை மேலும் பிழை இல்லை. நேரத்தை மாற்றி எழுதியது நான். அதனால் குற்றமில்லாத ஒருவர் நான்கு நாள் அடைபட்டிருந்தார், அவர் கை ஒடிந்தது. அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல், சரியான நேரத்தைப் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். எந்த நடவடிக்கைக்கும் சம்மதம்.

இதோடு முடித்துவிடலாம் என்றார் அப்பா. கையெழுத்துக்கு இடம் விட்டு ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைக் கேட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் கேட்கவில்லையே, நான் மட்டும் எப்படி என்று இருந்துவிட்டேன். எழுதுகிறேன்.

ஐயா, ஒரு வேண்டுகோள். என்னையே வைத்துக்கொண்டாலும் சரி, வேறு பெண்ணைப் போட்டாலும் சரி, விடியற்காலை ஏரிக்குப் போக அவளுக்குத் துணையாக ஓர் ஆள் கொடுங்கள்.